கடனுக்கு டிமிக்கி, வாக்குக்கு வாய்தா: கேள்வி பதில்

கடனைத் திருப்பித் தராதவர்களையும் சொன்ன சொல் தவறியவர்களையும் பற்றி நம்மிடம் புழங்கும் சொற்களைக் குறித்துக் கேட்கச் சொல்லியிருந்தேன். வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் பதிலில் கொஞ்சம் சட்டமும் கலந்து வரும்.

கரூரிலிருந்து: ஐயா, ‘கை விரித்துவிட்டான்’, ‘நாமம் போட்டுவிட்டான்’ இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. கை விரித்தவன் எதிரே நின்று “என்னிடம் இல்லை” என்கிறான். நாமம் போட்டவன் ஏமாற்றியவன். தொகை பெரிதென்றால் பட்டை நாமம். கம்பி நீட்டியவன் ஊரிலேயே இல்லை. வியாபாரம் படுத்து நொடித்துப்போனவனை “நாமம் போட்டான்” என்று தெருவெல்லாம் சொல்லித் திரிவது அநியாயம். அந்தப் பெயர் அவன் பிள்ளைகளின் கல்யாணப் பேச்சு வரைக்கும் வரும். சொல்லுமுன் எது என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஈரோட்டிலிருந்து: நூல் வியாபாரி ஒருவருக்கு 2 லட்சம் கொடுத்திருந்தேன். ‘மஞ்சள் கடுதாசி’ கொடுத்துவிட்டாராம். அவ்வளவுதானா ஐயா?

அவ்வளவுதான் என்று நினைத்து வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். மஞ்சள் கடுதாசி, மஞ்சள் நோட்டீஸ், ஐ.பி. எல்லாம் திவால் மனுவைத்தான் குறிக்கும். மாவட்டங்களில் 1920ஆம் ஆண்டு மாகாண திவால் சட்டம், சென்னை நகரில் 1909ஆம் ஆண்டுச் சட்டம். மனுப் போட்ட அன்றே கடன் அழிந்துவிடாது. நீதிமன்றம் விசாரித்து அவரைத் திவாலானவர் என்று அறிவித்தால், சொத்து நீதிமன்றப் பொறுப்புக்குப் போகும். அதை விற்று வருவதைக் கடன் கொடுத்தவர்கள் விகிதப்படி பங்கு போட்டுக்கொள்வார்கள். அந்தப் பங்கு வேண்டுமென்றால் உங்கள் கடனை நீங்கள் நிரூபித்திருக்க வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது இன்னொரு இடத்தில். மனுப் போடுவதற்கு முந்தைய 2 வருஷத்துக்குள் மச்சான் பேருக்கோ மனைவி பேருக்கோ சும்மா எழுதிக்கொடுத்த சொத்தை, அவர் திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டபின் நீதிமன்றம் ரத்து செய்யலாம். அதனால் முதல் வேலையாக வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். மோசடி செய்து வாங்கிய கடன் என்று நிரூபித்தால், திவாலிலிருந்து விடுவிக்கப்பட்ட பிறகும் அது அவரை விடாது.

திருநெல்வேலியிலிருந்து ஓர் அம்மா: பக்கத்து வீட்டுப் பெண் புரோநோட்டு எழுதிக்கொடுத்துப் பணம் வாங்கினாள். இரண்டரை வருஷமாக “அடுத்த மாசம் தாரேன்க்கா” என்றே சொல்கிறாள்.

இதற்குத்தான் ‘தாக்காட்டுவது’ என்று பேர். இல்லை என்றும் சொல்ல மாட்டார்கள், தரவும் மாட்டார்கள். அவளுக்கு நிஜமாகவே முடையாக இருக்கலாம், ஆனால் காலம் உங்களுக்காக நிற்காது அம்மா. கேட்டதும் தருவதாக எழுதிய நோட்டு, எழுதிய தேதியிலிருந்து 3 வருஷத்தில் காலாவதி. அதற்குள் 500 ரூபாயாவது வாங்கிக்கொண்டு, நோட்டின் பின்பக்கம் “இன்ன தேதியில் ரூபாய் 500 வரவு” என்று அவள் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அன்றிலிருந்து புதிதாக 3 வருஷம் கிடைக்கும். சண்டை வேண்டாம், இதை மட்டும் செய்யுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: எங்கட பக்கம் ‘பேய்க்காட்டிப் போட்டான்’ எண்டு சொல்லுவினம். அங்கே சொல்லுறேல்லையா அண்ணை?

‘ஏமாற்றிவிட்டான்’ என்ற அந்தப் பொருளில் இங்கே அதிகம் கேட்டதில்லை. உங்கள் ‘சுத்துமாத்து’ எனக்கு ரொம்பப் பிடிக்கும். பேச்சைச் சுற்றிச் சுற்றி மாற்றுகிறவனை அந்த ஒரு சொல்லிலேயே பிடித்துவிடலாம்.

சென்னையிலிருந்து: ‘வாய்தா’ தமிழ்தானா சார்?

உருது வழியாக வந்த அரபுச் சொல். மூலத்தில் அதற்கு ‘வாக்குறுதி’ என்றே பொருள். பணம் கட்டுவதாக ஒப்புக்கொண்ட கெடு நாளுக்குப் பெயராகி, இன்று நீதிமன்றத்தில் தள்ளிவைப்புக்குப் பெயராக நிற்கிறது. வாய்தாவுக்கு வாய்தா வந்து மனம் உடைந்த கட்சிக்காரர்களைப் பார்த்தவனுக்கு இந்தச் சொல் லேசாகத் தெரியாது.

சிதம்பரத்திலிருந்து: வாக்குத் தவறுவதற்குப் பழைய சொல் உண்டா?

ஆணைக்குச் ‘சூள்’ என்று பெயர், அதை மீறினால் ‘சூள் பொய்த்தான்’. பெரியபுராணத்தில் சுந்தரர் கதையைப் பாருங்கள். திருவொற்றியூரில், தாம் மணக்கவிருக்கும் சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று சூளுரைக்க வேண்டும். பிற ஊர்களையும் பாடப் போக வேண்டியிருக்குமே என்று, சன்னிதியில் ஆணையிடும்போது மட்டும் நீர் மகிழமரத்தடியில் இரும் என இறைவனிடமே கேட்டுக்கொள்கிறார். இறைவனோ, மகிழின் கீழேயே ஆணை வாங்கு என்று சங்கிலியாருக்குச் சொல்லிவிடுகிறார். பிறகு வாக்கை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்குக் கண் போகிறது. இறைவனுக்குத் தோழனே ஆனாலும் தள்ளுபடி இல்லை. வாக்குக் கொடுக்கும்போதே தப்பிக்க வழி தேடுவதைத்தான் அந்தக் கதை தொடுகிறது என்று நினைக்கிறேன்.

திருப்பூரிலிருந்து: செக் திரும்பிவிட்டது. “நாளைக்குப் போடுங்க, பணம் இருக்கும்” என்கிறார். நம்பலாமா?

செக்கின் தேதியிலிருந்து 3 மாதம் வரை மறுபடி போடலாம், அதனால் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். மீண்டும் திரும்பினால், வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது அவருக்குக் கிடைத்தபின் பணம் தர 15 நாள். தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. அவர் எத்தனை ‘நாளை’ சொன்னாலும் சரி, நீங்கள் இந்த நாட்களை எண்ணிக்கொண்டே இருங்கள்.