அல்-ஜஸரியின் இயந்திரங்களுக்குப் பின்னால் கணிதம் இருந்ததா?

நீங்கள் கேட்டிருப்பவை மூன்று. 1206-இல் தன் இயந்திர நூலை முடித்த அல்-ஜஸரியை ‘ரோபோக்களின் தந்தை’ என்று அழைப்பது சரியா? அந்தக் காலத்து இஸ்லாமிய உலகின் இயந்திரங்கள் கணிதத்திலிருந்து பிறந்தவையா, வெறும் கைத்திறனா? அவை ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தனவா?

முதல் கேள்விக்கு ஒரு வரி போதும். யாரையாவது எதற்காவது தந்தை ஆக்காவிட்டால் நமக்குத் தூக்கம் வராது. அந்தப் பட்டத்தைச் சூட்டிய கையோடு அவர் செய்த உருப்படியான வேலைகளை மறந்தும்விடுவோம். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் நடத்துகிறவன் என்பதால் இரண்டாவது கேள்வியில்தான் எனக்கு ஆர்வம்.

அல்-ஜஸரி இன்றைய துருக்கியில் இருக்கும் தியார்பகிரில், அர்துக்கிய மன்னர்களிடம் வேலை பார்த்தவர். நூலில் 50 சாதனங்கள் இருக்கின்றன. நீர்க்கடிகாரங்கள், கை கழுவும் தொட்டிகள், ரத்தம் எடுக்கும்போது அளவு காட்டும் பாத்திரங்கள், நீரூற்றுகள், தண்ணீர் இறைக்கும் பொறிகள் எனப் பலவகை. முன்னுரையிலேயே ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுகிறார். முன்னோர் எழுதிவைத்த எல்லாவற்றையும் அவர்கள் செய்து பார்க்கவில்லை. செய்து பார்க்காத தொழில் அறிவு மெய்க்கும் பொய்க்கும் நடுவில் ஊசலாடிக்கொண்டிருக்கும் என்கிறார்.

இதை அவர் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை என்பதற்கு அவருடைய கோட்டைக் கடிகாரம் என்ற நீர்க்கடிகாரம் சாட்சி. அன்றைய வழக்கப்படி பகலை 12 மணிகளாகப் பிரிப்பார்கள். கோடையில் பகல் நீளம், எனவே மணியும் நீளம். தியார்பகிரின் அட்சரேகைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆண்டின் மிக நீண்ட பகலில் ஒரு மணி ஏறத்தாழ 73 நிமிடம், மிகக் குறுகிய பகலில் 47 நிமிடம் வருகிறது. ஒரே நீர்க்கடிகாரம் இந்த இரண்டுக்கும், இடைப்பட்ட எல்லா நாட்களுக்கும் ஒத்துப்போக வேண்டும்.

அவர் அமைத்த ஏற்பாடு இது. பெரிய தொட்டியிலிருந்து தண்ணீர் ஒரு சிறிய அறைக்கு வருகிறது. அங்கே ஒரு மிதவை. அதன் தலையில் கூம்பு வடிவ வால்வு. தண்ணீர் ஏறினால் வால்வு மூடும், இறங்கினால் திறக்கும். ஆகவே சிறிய அறையின் நீர்மட்டம் மாறுவதே இல்லை. நம் வீட்டு மாடித் தொட்டியின் மிதவை வால்வும் இதே வேலையைத்தான் செய்கிறது. அந்த அறையிலிருந்து தண்ணீர் வெளியேறும் துளை, செங்குத்தாக நிற்கும் ஒரு வட்டத்தட்டில் இருக்கிறது. சுற்றிலும் 12 ராசிகள் குறிக்கப்பட்டிருக்கும். சூரியன் நிற்கும் பாகைக்கு ஏற்பத் தட்டைத் திருப்பிவைத்தால் துளை மேலேயோ கீழேயோ போகும். நீர்மட்டத்துக்கு அருகில் வந்தால் ஓட்டம் மந்தம், அது கோடைப் பகல். ஆழத்துக்குப் போனால் ஓட்டம் வேகம், அது குளிர்காலப் பகல்.

சிக்கல் தட்டில் கோடு போடுவதில்தான். துளையை எந்த நாளுக்கு எவ்வளவு இறக்குவது? ஓட்டம் ஆழத்தின் நேர் விகிதத்தில் கூடாது, அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும். மேலே சொன்ன 73-க்கும் 47-க்கும் இடையில் ஓட்டத்தை மாற்ற வேண்டுமானால் ஆழத்தைச் சுமார் இரண்டரை மடங்கு மாற்ற வேண்டும். இந்த விதியை இத்தாலியில் இயற்பியலாளர் தோரிசெல்லி எழுதியது 17-ஆம் நூற்றாண்டில். அல்-ஜஸரி கையில் அது இல்லை. ஆர்க்கிமிடீஸ் பெயரில் அரபியில் புழங்கிய கடிகார நூலைப் பார்த்துத் தொடங்குகிறார், அதில் சொன்ன பிரிவினை சரிவரவில்லை என்று கண்டுபிடிக்கிறார், பிறகு தானே ஓடவிட்டு அளந்து அளந்து குறிகளை இடுகிறார். சமன்பாடு பிறக்க இன்னும் நானூறு ஆண்டுகள் இருந்தன; அதற்குள் அதன் விடை மட்டும் ஒரு தட்டில் கோடுகளாக ஏறிவிட்டது.

பட்டறைக்காரர்களுக்குப் பிடிக்கும் இன்னொரு விவரம் அந்தக் கூம்பு வால்வு. அது சொட்டாமல் இருக்க, வால்வையும் அது உட்காரும் இருக்கையையும் ஒன்றோடொன்று வைத்து எமரி என்ற உராய்வுப் பொடி போட்டுத் தேய்க்கச் சொல்கிறார். நம் பசங்களிடம் ‘லேப்பிங்’ என்றால் புரியும்; எஞ்சின் வால்வுக்கு இன்றும் அதையேதான் செய்கிறோம்.

யானைக் கடிகாரத்தைப் பலரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். யானையின் வயிற்றுக்குள் இருக்கும் தண்ணீரில் அடியில் துளையிட்ட ஒரு கிண்ணம் மிதக்கும். அரை மணி நேரத்தில் அது நிரம்பி மூழ்கும்போது கயிற்றை இழுக்க, மேலிருந்து ஒரு குண்டு பருந்தின் வாயிலிருந்து பாம்பின் வாய்க்கு விழும். பாம்பு தலை தாழும், பாகன் யானையைத் தட்டுவான், குண்டின் எடை கிண்ணத்தை மீண்டும் மேலே தூக்கிவிடும். மூழ்கும் கிண்ணம் இந்தியாவில் நெடுங்காலம் வழங்கிய முறை, நம் நாழிகை வட்டிலும் அதே இனம். இந்தக் கிண்ணத்தின் துளையையும் யாரும் கணக்கால் தீர்மானித்ததில்லை, மூழ்கவிட்டுப் பார்த்துத்தான் சரிசெய்தார்கள்.

இதற்கு நேர்மாறான உதாரணம் பற்சக்கரங்கள். அங்கே கணிதம் முன்னே நடக்கிறது. அல்-பிரூனி என்ற அறிஞர் 11-ஆம் நூற்றாண்டில் ஒரு சிறிய பெட்டியை விவரித்திருக்கிறார். முகப்பைத் திருப்பினால் சூரியனும் சந்திரனும் ராசிகளில் எங்கே நிற்கின்றன, பிறை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று காட்டும். அதில் 59 பற்கள் கொண்ட சக்கரம் ஒன்று உண்டு. அது ஏன் 59? பிறை ஒரு சுற்று வர ஏறத்தாழ 29½ நாள் ஆகும். அரைப் பல் வெட்ட முடியாது. இரண்டு மாதத்தைச் சேர்த்துக்கொண்டால் 59 முழு எண்ணாகிவிடுகிறது. இந்த வகைச் சக்கரங்கள் பொருத்திய அஸ்ட்ரோலேப் (வான்பொருட்களின் நிலையை அளக்கும் கருவி) ஒன்று 1221-22-இல் இஸ்ஃபஹானில் செய்யப்பட்டு, இப்போது ஆக்ஸ்ஃபோர்டு அறிவியல் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழுத்தில் மட்டும் இருந்த கற்பனை என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது.

கணிதம் தெரிந்தவரெல்லாம் நல்ல பொறியாளர் ஆகிவிடுவார் என்பதும் பொய். 9-ஆம் நூற்றாண்டு பாக்தாதின் பனூ மூசா சகோதரர்கள் மூவர். சுமார் 100 விநோதப் பொறிகளைப் பற்றி நூல் எழுதியவர்கள். வடிவியலிலும் பெரிய கைகள். கலீஃபா அல்-முதவக்கில் ஒரு கால்வாய் வெட்டச் சொன்னபோது அவர்கள் அந்த வேலையை வானியலாளர் அல்-ஃபர்கானியிடம் ஒப்படைத்தார்கள். அவர் கால்வாயின் வாயை மற்ற பகுதியைவிட ஆழமாக வெட்டிவிட்டார். டைக்ரிஸ் ஆறு பெருகி ஓடும்போது மட்டும் தண்ணீர் வரும், வற்றினால் வராது. விஷயம் கலீஃபாவின் காதுக்குப் போக, விசாரிக்க சிந்த் இப்னு அலீ என்ற பொறியாளர் வந்தார். பனூ மூசா ஏற்கெனவே தத்துவ அறிஞர் அல்-கிந்தியின் நூலகத்தைப் பறித்துவைத்திருந்தார்கள். அதைத் திருப்பிக் கொடுத்தால்தான் உதவி என்றார் சிந்த். கொடுத்தார்கள். கால்வாயில் பிழையே இல்லை என்று அவரும் சொல்லிவைத்தார். ஆற்றில் வெள்ளம் இருந்ததால் சில மாதங்களுக்கு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதற்குள், 861-இல், கலீஃபாவே கொலையுண்டார். சகோதரர்கள் தப்பினார்கள். 13-ஆம் நூற்றாண்டில் இப்னு அபீ உசைபிஆ எழுதிவைத்த கதை இது. ஒப்பந்ததாரரும் ஆய்வாளரும் அன்றைக்கும் இப்படித்தான் இருந்திருக்கிறார்கள்.

அல்-கரஜி வேறு ரகம். பாக்தாதில் இயற்கணிதத்தில் பேர் வாங்கியவர். 1 முதல் 10 வரையுள்ள எண்களின் கனங்களைக் கூட்டினால் அந்த எண்களின் கூட்டுத்தொகையின் வர்க்கம் வரும் என்பதைப் படம் வரைந்து நிறுவியவர். பிற்காலத்தில் ஈரானின் மலைப்பகுதிக்குப் போய், நிலத்தடி நீரைச் சுரங்கக் கால்வாய் வெட்டி வெளியே கொண்டுவருவது பற்றி ஒரு நூல் எழுதினார். மட்டம் பார்க்கும் கருவிகள், சரிவை அளப்பது, சுரங்கம் கோணாமல் நேராகப் போகிறதா என்று சோதிப்பது எல்லாம் அதில் உண்டு. அல்-ஃபர்கானி சறுக்கிய அதே இடத்தில், மட்டத்தில், இவர் கவனம் முழுக்க இருக்கிறது.

கணிதக்காரர், கைவினைஞர் என இருதரப்பையும் ஒரே மேசையில் உட்காரவைத்தவர் என்றால் 10-ஆம் நூற்றாண்டின் கணித அறிஞர் அபுல் வஃபா. கைவினைஞர்களுக்குத் தேவையான வடிவியல் என்று ஒரு நூலே எழுதினார். ஒரே அளவுள்ள மூன்று சதுரங்களை வெட்டி ஒரே சதுரமாக்குவது எப்படி என்பது அதில் வரும் கேள்வி. கைவினைஞர் முறை கண்ணுக்குச் சரியாகத் தெரியும், நிரூபணத்தில் நிற்காது. வடிவியல் அறிஞர் பக்க நீளத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், வெட்டுகிறவன் பாடு அவருக்குத் தெரியாது. அபுல் வஃபாவின் வழியில் இரண்டு சதுரங்களை மூலைவிட்டத்தில் வெட்ட வேண்டும். கிடைக்கும் நான்கு முக்கோணங்களின் நீளப் பக்கத்தை மூன்றாவது சதுரத்தின் நான்கு பக்கங்களில், ஒவ்வொரு மூலையிலிருந்தும் தொடங்கி, ஒரே சுழற்சியில் ஒட்டவைக்க வேண்டும். வெளியே நிற்கும் நான்கு செங்கோண முனைகளையும் இணைத்தால் புதிய சதுரம் வந்துவிடும். கோட்டுக்கு வெளியே துருத்தும் துண்டுகள் உள்ளே இருக்கும் இடைவெளிகளில் அப்படியே பொருந்தும். அட்டையில் வெட்டிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

ஐரோப்பா விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். கணிதம் போனது, அதற்கு ஆவணம் இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டு பாக்தாத் கணித அறிஞர் அல்-குவாரிஸ்மியின் இயற்கணிதமும் பனூ மூசாவின் வடிவியல் நூலும் 12-ஆம் நூற்றாண்டிலேயே ஸ்பெயினில் லத்தீனுக்கு வந்துவிட்டன. அல்-ஜஸரியின் நூலுக்கு அப்படிப்பட்ட லத்தீன் மொழிபெயர்ப்பு எதுவும் கிடைக்கவில்லை. உறிஞ்சு குழாய்களும் எதிரெதிராக வேலை செய்யும் இரண்டு உருளைகளும் கொண்ட அவருடைய பம்ப், நீர்ச்சக்கரத்தின் சுழற்சியை முன்பின் அசைவாக மாற்றியது உண்மை. அதை வைத்து நீராவி எஞ்சினே அங்கிருந்துதான் வந்தது என்று சுற்றிவரும் செய்திகளை நம்பாதீர்கள். கைவினைஞர்கள் வழியாக ஏதாவது பரவியிருக்கலாம், அதை நிரூபிக்கும் ஏடு நம்மிடம் இல்லை.