ராப் கேட்டால் சீன மொழி கெட்டுவிடுமா?

கேள்வி: ஐயா, தெற்குச் சீனாவின் குவாங்சோ நகரில் எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்புகள் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. ஆனால் மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகும் முன் எச்.எஸ்.கே. என்ற மாண்டரின் (பொதுச் சீன மொழி) தேர்வில் நான்காம் நிலை தேறியாக வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். இப்போது மூன்றாம் நிலையில் இருக்கிறேன். விடுதி நண்பன் ஒருவன், இந்த ஊரிலும் ஹாங்காங்கிலும் பேசும் கான்டனீஸ் மொழி ராப் பாடல்களைக் கேட்கக் கொடுத்தான். அதிலிருந்து மாண்டரின் ராப்புக்கும் போய்விட்டேன். பாடப்புத்தகத்தைத் திறந்தால் தூக்கம் வருகிறது, பாட்டைப் போட்டால் நள்ளிரவு வரை விழித்திருக்கிறேன். ஆனால் பாதிக்கு மேல் புரிவதில்லை. "இதையெல்லாம் கேட்டால் உச்சரிப்பு கெடும், கெட்ட வார்த்தைதான் வரும்" என்கிறார் மொழி ஆசிரியை. இரண்டு மொழிகளையும் சேர்த்துக் கேட்பது தவறா? விடுமுறையில் ஹாங்காங்கில் ஒரு ராப் நிகழ்ச்சிக்கு நண்பர்கள் அழைக்கிறார்கள். போகலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, உங்கள் ஆசிரியை சொல்வதில் பாதி உண்மை. கெட்ட வார்த்தை வரும் என்பது அந்தப் பாதி. ஹாங்காங்கில் 1990களின் கடைசியில் பேர் எடுத்த எல்.எம்.எஃப். ராப் குழுவின் பெயரை விரித்து எழுதினாலே இந்தப் பக்கத்தில் அச்சேற்ற முடியாது. அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வளர்ந்த பையன்களின் எரிச்சலை அவர்கள் வடிகட்டாமல் கொட்டினார்கள். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் அங்கே பொறுக்கிய சொல்லை வார்டில் ஒரு பாட்டியிடம் அவிழ்த்துவிட்டால் அதற்கு நான் ஜவாப்தாரி அல்ல.

உச்சரிப்பு கெடும் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சீன மொழி படிப்பவரின் காதுக்கு உண்மையில் துரோகம் செய்வது மாண்டரின் காதல் பாட்டு. சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்களான நான்கு தொனிகளையும் மாதக்கணக்கில் உருப்போட்டுவிட்டு அதைக் கேட்டால், இறங்க வேண்டிய அசை மேலே ஏறும், ஏற வேண்டியது நீண்டு படுத்துவிடும். மெட்டு தொனியை விழுங்கிவிடுகிறது. சீனர்களுக்கு அது இடைஞ்சலே இல்லை, முன்பின் சொற்களை வைத்துப் பிடித்துக்கொள்கிறார்கள். உங்களுக்கும் எனக்கும்தான் திண்டாட்டம். ராப்பில் மெட்டு குறைவு, பேச்சு அதிகம். அதனால் தொனி பெருமளவு பிழைத்திருக்கிறது. தாளத்துக்காகச் சொல்லை நெளிப்பவர்களும், குரலை இயந்திரத்தில் போட்டுத் தொனியை மழுங்கடிப்பவர்களும் அங்கேயும் உண்டு; அவர்களைத் தேர்வு முடிந்த பிறகு ரசித்துக்கொள்ளலாம்.

கான்டனீஸின் கதை வேறு. அங்கே தொனி ஆறு. 'சி' என்ற ஓரசையே தொனிக்குத் தொனி கவிதை, வரலாறு, சோதனை, நேரம், சந்தை, 'ஆம்' என்று ஆறாகப் பிரியும். ஆகையால் கான்டனீஸ் பாட்டில் மெட்டு முன்னால் வந்தால், அதன் ஏற்ற இறக்கத்துக்கு இணங்கும் தொனியுள்ள சொல்லாகத் தேடித்தான் பாடலாசிரியர் வைக்க முடியும். இல்லாவிட்டால் கேட்பவர் காதில் வேறு பொருள் வந்து விழும். அப்படியானால் கான்டனீஸ் மெல்லிசையையே கேட்டுப் படிக்கலாமே என்பீர்கள். அதில் தொனி சரியாக இருக்கும். ஆனால் யாரும் அப்படிப் பேசுவதில்லை. அந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை பொதுச் சீன எழுத்துமொழியில் எழுதப்பட்டு, கான்டனீஸ் உச்சரிப்பில் பாடப்படுபவை. 'அவன்', 'இல்லை', 'உடைய' போன்ற அன்றாடச் சொற்கள்கூட அதில் வேறாக இருக்கும். அதை வைத்து மொழி கற்றவர், செய்தி வாசிப்பாளரின் தமிழை மட்டும் கற்றுக்கொண்டு மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் இறங்கியவருக்குச் சமம். 1970களில் பாடகர் சாம் ஹுய் பேச்சுமொழியிலேயே நையாண்டிப் பாட்டுகள் பாடி ஹாங்காங்கைச் சிரிக்க வைத்தார். இன்று அந்த வேலையின் பெரும்பங்கை ராப் செய்கிறது. காய்கறிக் கடையில் பேசும் கான்டனீஸ் இலக்கணத்தோடு உங்களுக்கு அங்கே கிடைக்கும். வசவுக்குப் பயப்படுகிறீர்கள் என்றால் ஃபாமா என்ற இருவர் குழுவிலிருந்து தொடங்குங்கள். அவர்கள் சீனப் பெயருக்கு 'உழவர்' என்று பொருள். கேலியும் ஊர்க்கதையும்தான் அவர்கள் சரக்கு.

ராப் அமெரிக்கச் சரக்கு என்று ஆசிரியை முகம் சுளித்தால், கான்டனீஸ் நாடக மேடையில் மரக்கட்டைத் தட்டலுக்கு ஏற்ப இயைபோடு பேசும் 'சௌ பாக் லாம்' என்ற பழைய மரபையும், வடக்கே மூங்கில் சப்ளாக் கட்டையைத் தட்டிக்கொண்டு சொல்லும் 'குவாய்பான்' கலையையும் அவரிடமே விசாரியுங்கள். ஆசையோடு அரை மணி நேரம் பேசுவார்.

தமிழ் பேசும் உங்களுக்கு மாண்டரினில் ஒரு சலுகை உண்டு. 'ரென்மின்பி' என்று நாம் எழுதும் சீனப் பணத்தின் முதல் ஒலியை ரகரமாகச் சொல்லாமல் ழகரத்தை ஒட்டிச் சொல்லிப் பாருங்கள். வட இந்திய மாணவர்கள் அந்த ஒலிக்குப் படும் பாடு உங்களுக்கு இருக்காது. பெய்ஜிங்காரர்கள் சொல் முடிவில் நாக்கை மடிக்கும் பழக்கமும் சீக்கிரம் பிடிபடும். மாறாக, வரியின் முதற்பக்கம் எதுகை தேடிப் பழகிய நம் காது ராப்பில் ஏமாறும். அங்கே எல்லாம் கடைசியில், இயைபில்தான் இருக்கிறது. மாண்டரின் அசை பெரும்பாலும் உயிரொலியிலோ 'ன்', 'ங்' போன்ற மூக்கொலியிலோ முடியும் என்பதால் ஓரசை இயைபு மலிவாகக் கிடைத்துவிடும். கெட்டிக்காரர்கள் இரண்டு மூன்று அசைகளைச் சேர்த்து இணைக்கிறார்கள். வரிக்கடைசியைக் கவனித்துப் பழகினால், தெரியாத சொல்லின் வாலையாவது முன்கூட்டியே ஊகிக்கலாம். கான்டனீஸில் 'ப்', 'ட்', 'க்' என்று வாயை மூடி நிறுத்திவிடும் முடிவுகளும் உண்டு. வெடிக்காமல் நிற்கும் அந்த மெய்களுக்குக் காது பழக நாளாகும்.

பாதிக்கு மேல் புரியவில்லை என்று வருந்துகிறீர்கள். கணக்குப் போடுங்கள்: நிமிடத்துக்கு 90 தட்டு ஓடும் தாளத்தில், தட்டுக்கு நான்கு அசை வீதம் பேசினால் வினாடிக்கு ஆறு அசை. உங்கள் தேர்வின் ஒலிப்பதிவு அந்த வேகத்தில் ஓடாது. இது போதாதென்று ஊர்ப்பேச்சு வேறு. செங்டு நகரத்து ஹையர் பிரதர்ஸ் ராப் குழு பாடுவது சிச்சுவான் பேச்சில். அங்கே தொனிகளே மாறிவிடும், நாக்கு மடித்துச் சொல்லும் ஒலிகள் பல்லோரம் வந்துவிடும். அதைக் கேட்டுவிட்டு 'எனக்கு மாண்டரின் வரவில்லை' என்று முடிவுகட்டினால், குற்றம் உங்கள் காதில் இல்லை. மூன்றாம் நிலைக்காரருக்கு நான் தைவானின் ராப்பர் சாஃப்ட் லிபாவைச் சொல்வேன். நிதானம், ஜாஸ் சாயல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போன்ற குரல். தெற்குத் தைவான்காரர் என்பதால் நாக்கு மடிப்பு கொஞ்சம் இளகியிருக்கும். அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்யும் தவறு, நள்ளிரவு வரை பாட்டுக்குப் பாட்டு தாவுவது. அது பொழுதுபோக்கு, படிப்பில் சேராது. ஒரே பாட்டில் நான்கே வரிகளை எடுங்கள். வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்துக் கேட்டு, காதில் விழுந்ததைப் பின்யினில், அதாவது சீன ஒலியை ஆங்கில எழுத்தில் குறிக்கும் முறையில், எழுதுங்கள், தொனிக் குறியோடு. பிறகுதான் பாடல் வரியைத் திறக்க வேண்டும். உங்கள் எழுத்துக்கும் அதற்கும் எங்கே இடிக்கிறதோ, உங்கள் காது கோட்டைவிட்ட இடம் அது. அதன் பிறகு தாளத்தை நிறுத்திவிட்டு அந்த நான்கு வரிகளைப் பேச்சாகச் சொல்லிப் பதிவு செய்து, நண்பனிடம் கொடுங்கள். என்ன சொல்கிறீர்கள் என்று அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். கான்டனீஸ் வரிகளுக்கு, தொனியை எண்ணால் குறிக்கும் ஜ்யுட்பிங் முறையைப் பயன்படுத்துங்கள். உங்கள் மாண்டரின் அகராதியில் பேச்சுக் கான்டனீஸ் எழுத்துகள் பல அகப்படாது.

இரண்டையும் சேர்ப்பது தவறா என்றால், கேட்பதில் தவறில்லை, ஒரே மேசையில் ஒரே நாளில் படிப்பதுதான் குழப்பம். மயாமியில் ஹாங்காங் பெற்றோருக்குப் பிறந்த ராப்பர் எம்.சி. ஜின், ஆங்கிலத்தில் பேர் வாங்கி, 2007இல் முழுக்கக் கான்டனீஸிலேயே ஓர் ஆல்பம் வெளியிட்டார். மாண்டரினில் ராப் பாடும் சீனப் போட்டி நிகழ்ச்சியில் முகமூடியோடு அவர் ஏறியது 2017இல். வீட்டிலேயே கான்டனீஸ் பேசி வளர்ந்தவருக்கே பத்து வருட இடைவெளி! வேறொரு பக்கம், பெய்ஜிங்கின் யின் ட்சாங் ராப் குழுவில் இரண்டு அமெரிக்கர்கள் இருந்தார்கள்; 2003இல் மாண்டரின் ஆல்பமே வெளியிட்டார்கள். அந்நியருக்கு இது எட்டாக்கனி என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

தேர்வு முடியும் வரை மாண்டரின்தான் உங்கள் சாப்பாடு. நெடுநாளாக இருந்துவந்த பாடத்திட்டப்படி மூன்றாம் நிலைக்கு 600 சொற்கள், நான்காம் நிலைக்கு 1200. அந்த மிச்சம் 600ஐ எந்த ராப்பரும் உங்களுக்கு வரிசையாகச் சொல்லித்தர மாட்டார். எழுத்தும் வாசிப்பும் தேர்வில் உண்டு. தூக்கம் வந்தாலும் புத்தகத்தை எடுத்துத்தான் ஆக வேண்டும். கான்டனீஸை அதற்குப் பிறகு தீவிரமாக எடுங்கள், விட்டுவிடாதீர்கள். குவாங்சோ வார்டுகளில் வயதானவர்கள் வலி வந்தால் கான்டனீஸில்தான் முனகுவார்கள். 'நாலி தெங்?' என்று மாண்டரினில் கேட்பதைவிட 'பின் தோ துங்?' என்று கேட்டால் எங்கே வலிக்கிறது என்று உடனே கையை வைத்துக் காட்டுவார்கள். இந்த மாதிரி வாக்கியங்களை ராப்பில் தேடாதீர்கள். இரவுப் பணி நர்ஸிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஹாங்காங்குக்குத் தாராளமாகப் போய்வாருங்கள். குவாங்சோவிலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரம்தான். ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் ஹாங்காங்கில் விசா இல்லாமல் 14 நாள் வரை தங்க, புறப்படும் முன்பே இணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 2017 முதல் இது கட்டாயம். நிகழ்ச்சி டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பதிவை முடித்துவிடுங்கள். திரும்பி வர உங்கள் மாணவர் அனுமதி செல்லுபடியாகும் நிலையில் இருக்கிறதா என்பதையும் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.