ஊசி பற்றித் தெரியும், போடத்தான் நாள் கிடைக்கவில்லை!
டாக்டரிடம் கேளுங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை, அதாவது அந்த நோயை உண்டாக்கும் எச்.பி.வி. என்ற வைரஸுக்கு எதிரான ஊசியைப் பற்றியவை. எல்லோரும் "கேள்விப்பட்டிருக்கிறேன், ஆனால்..." என்றுதான் தொடங்குகிறார்கள். அந்த 'ஆனால்'களுக்கு மட்டும் இந்த முறை பதில்.

என் மகளுக்கு 11 வயது. பள்ளியில் எச்.பி.வி. தடுப்பூசிக்கான படிவம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். உடலுறவால் தொற்றும் கிருமிக்கான ஊசி என்று படித்தேன். குழந்தைக்கு இப்போது எதற்கு? கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

'மனம் வரவில்லை' என்ற இடத்தில் உங்கள் பேனா நன்றாக அழுந்தியிருக்கிறது அம்மா. நானும் அந்த இடத்தில் நின்றவள்தான். மற்றவர்களின் மகள்களுக்கு நாள் தவறாமல் இந்த ஊசியைச் சொல்லிக்கொண்டிருந்த நான், என் மகளுக்குப் போட்டது அவளுடைய பதினைந்தரை வயதில். பக்கவிளைவு பயமெல்லாம் இல்லை. "இது எதற்கும்மா?" என்று கேட்டால் என்ன சொல்வது என்ற கூச்சம். பரீட்சை முடியட்டும், விடுமுறை வரட்டும் என்று மூன்றரை வருடம் ஓடிவிட்டது. கடைசியில் அவள் கேட்கத்தான் செய்தாள். "ஒரு புற்றுநோய் வராமல் இருக்க" என்றேன். "சரி, எந்தக் கை?" என்றாள். அவ்வளவுதான்! என் கூச்சத்துக்கு விலை கொடுத்தது அவள் கை. 15 வயதுக்குள் போட்டிருந்தால் இரண்டு ஊசியோடு முடிந்திருக்கும். அப்போதைய கணக்கில் அது மூன்றாகிவிட்டது.

எதற்கு இந்த வயதில் என்றால், இது வந்த நோயை ஆற்றும் மருந்து இல்லை. கிருமி உடம்புக்குள் வருவதற்கு முன்பே காவல் தயாராக இருக்க வேண்டும். தவிர, 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பு சக்தியும் அதிகம். இங்கிலாந்தில் 2021-இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். தடுப்பூசி வராத காலத்துப் பெண்களோடு ஒப்பிட்டால், 12, 13 வயதில் ஊசி வாய்ப்புக் கிடைத்தவர்களிடம் இந்தப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்திருந்தது. 14 முதல் 16 வயதில் கிடைத்தவர்களிடம் 62 சதவீதம். 16 முதல் 18 வயதில் 34 சதவீதம். ஊசி ஒன்றுதான், தாமதம் ஆக ஆகப் பலன் படியிறங்குகிறது.

'ஊசி போட்டால் பெண் தடம் மாறிவிடுவாளோ' என்ற கவலை உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் மறைந்து நிற்கிறது. பல நாடுகளில் பார்த்தாகிவிட்டது, அப்படி எதுவும் நடக்கவில்லை. டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டவர்கள் துருப்பிடித்த ஆணியைத் தேடிப் போய் மிதிப்பதில்லையே.

எத்தனை ஊசி என்றும் கேட்டிருக்கிறீர்கள். 9 முதல் 20 வயது வரை ஒரு டோஸோ இரண்டு டோஸோ போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் அறிவித்துவிட்டது. நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு மட்டும் கூடுதல். உங்கள் பகுதித் திட்டத்தில் என்ன முறையோ அதன்படி போடுங்கள். படிவத்தைப் பையிலிருந்து எடுத்து இன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

எங்கள் பரம்பரையில் யாருக்கும் புற்றுநோய் கிடையாது. எனக்கு எதற்கு ஊசியும் சோதனையும்?

இது பரம்பரையைப் பார்த்து வரும் நோய் இல்லை. ஏறக்குறைய எல்லா கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் எச்.பி.வி. என்ற வைரஸ்தான் காரணம். ஜெர்மனியின் ஹெரால்ட் சூர் ஹவுசன் 1980-களில் இதைக் கண்டுபிடித்துச் சொன்னபோது நம்பியவர்கள் குறைவு. 2008-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் பாட்டி நலமாக இருந்தார் என்பது மகிழ்ச்சிதான். ஆனால் வைரஸுக்கு உங்கள் பாட்டியைத் தெரியாது.

என் மனைவிக்கு எச்.பி.வி. பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. திருமணமாகி 14 வருடம். இது எங்கிருந்து வந்தது? மூன்று நாட்களாக வீட்டில் பேச்சே இல்லை.

ஐயா, முதலில் பேசுங்கள்.

இந்த வைரஸ் எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. உடம்புக்குள் பல வருடம் சத்தமில்லாமல் கிடந்து, பிறகு சோதனையில் தலைகாட்டும். உங்களிடமிருந்தே போயிருக்கலாம். ஆண்களுக்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. தாம்பத்திய வாழ்வில் இருக்கும் பெரும்பாலானோரை வாழ்நாளில் ஒரு முறையாவது இது தொட்டுவிட்டுத்தான் போகிறது. ஆகவே இந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு துப்பறியக் கிளம்பாதீர்கள். என் அறையில் இந்தத் தாளால் உடைந்து அழுத பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நோய் பயத்தால் அழுதவர்கள் அவர்களில் குறைவு.

பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமும் இல்லை. பெரும்பாலான தொற்று ஓரிரு வருடத்தில் தானாகவே மறைந்துவிடும். மறையாமல் தங்கிவிட்டால்கூட, புற்றுநோயாக மாறப் பொதுவாக 15, 20 வருடம் பிடிக்கும். அந்த நீண்ட இடைவெளிதான் நமக்குக் கிடைத்த வாய்ப்பு. டாக்டர் அடுத்து கால்போஸ்கோபி செய்யச் சொல்லலாம். கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது, பெரிய விஷயம் இல்லை. அந்த நாளில் நீங்களும் கூடப் போங்கள்.

எனக்கு 34 வயது, இரண்டு குழந்தைகள். இனி ஊசி போட்டுப் பலன் உண்டா?

உண்டு, ஆனால் சிறுவயதில் கிடைக்கும் அளவுக்கு இல்லை. பல நாடுகளில் 45 வயது வரை போட அனுமதி இருக்கிறது. ஏற்கெனவே வந்துவிட்ட வகைக் கிருமியை இது விரட்டாது. இன்னும் வராத வகைகளுக்குத் தடுப்பாக இருக்கும். கர்ப்பமாக இருந்தால் பிரசவம் வரை தள்ளிப்போடுங்கள். பாலூட்டும் தாய் போட்டுக்கொள்ளலாம்.

ஒன்றுதான் முடியும் என்றால், உங்கள் வயதில் நான் ஊசியைச் சொல்ல மாட்டேன், பரிசோதனையைத்தான் சொல்வேன். 30 வயதிலிருந்து எச்.பி.வி. சோதனை, 5 முதல் 10 வருடத்துக்கு ஒருமுறை. கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் என்றால் இன்னும் அடிக்கடி. படுத்து, கால் மடக்கி, அன்னியர் முன்னால் என்று கூச்சப்படுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: எச்.பி.வி. சோதனைக்கான மாதிரியைச் சிறு பஞ்சுக் குச்சியால் நீங்களே எடுத்துக் கொடுக்கும் வசதி பல இடங்களில் வந்துவிட்டது.

ஊசி போட்டால் குழந்தை பிறக்காது என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

வந்தது, எனக்கும் வந்தது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. இந்த ஊசியில் இருப்பது வைரஸின் வெளி ஓட்டைப் போன்ற புரதம் மட்டும். உள்ளே விதை இல்லாத உமி மாதிரி. அது முளைக்க வழியே இல்லை.

வதந்தி என்ன செய்யும் என்பதற்கு ஜப்பான் போதும். 2013 ஏப்ரலில் அரசுத் திட்டத்தில் சேர்த்தார்கள். வலி, நடக்க முடியாமை என்று செய்திகள் பரவ, ஜூனிலேயே பரிந்துரையை நிறுத்தினார்கள். 70 சதவீதம் அளவுக்கு இருந்த ஊசி 1 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. நகோயா நகரில் ஏறத்தாழ 30,000 பெண்களிடம் விசாரித்ததில், ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் அந்த அறிகுறிகளில் வேறுபாடு தெரியவில்லை. பரிந்துரை திரும்பி வந்தது 2022-இல். நடுவில் போன அந்த ஒன்பது வருடத்துச் சிறுமிகளை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

உண்மையான பக்கவிளைவு என்றால் கை வலி, லேசான காய்ச்சல், தலைவலி. சிலருக்கு மயக்கம் வரும். அதனால்தான் 15 நிமிடம் உட்காரச் சொல்கிறோம். என் அனுபவத்தில் ஒருமுறை மயங்கி விழுந்தது ஊசி போட்ட பெண் இல்லை, பக்கத்தில் நின்ற அவள் அப்பா.

ஊசி போட்டாயிற்று. இனி பரிசோதனை வேண்டாம்தானே?

வேண்டும். எச்.பி.வி.யில் பல வகை உண்டு, எல்லா வகையையும் ஊசி தடுக்காது. இந்தப் புற்றுநோயில் 16, 18 என்ற எண் கொண்ட இரண்டு வகைகளால் வருவது சுமார் 70 சதவீதம். ஒன்பது வகைக்கான ஊசியும் சுமார் 90 சதவீதம்தான் சமாளிக்கும்.

எனக்கு 58 வயது. மாதவிலக்கு நின்று ஆறு வருடம் ஆகிறது. இப்போது லேசாக ரத்தம் படுகிறது. இந்தத் தடுப்பூசி எனக்கு உதவுமா?

உதவாது. இந்த வாரமே மகளிர் மருத்துவரைப் பாருங்கள், அடுத்த இதழுக்குக் காத்திருக்க வேண்டாம். பல காரணங்களில் இது வரும், பலவும் சாதாரணமானவை. ஆனால் பார்க்காமல் அதை யாராலும் சொல்ல முடியாது.

நான் நர்ஸ், 41 வயது. தடுப்பூசி பற்றி எத்தனை கூட்டம் போட்டாலும் பெண்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். என்னதான் செய்வது?

கூட்டத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பேன். தலையாட்டியவர்களுக்கு விஷயம் தெரியும், தேதிதான் தெரியாது. "போட்டுக்கொள்கிறீர்களா?" என்று கேட்டால் "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்பார்கள். "இன்றைக்கு இவளுக்கு ஊசி போட வேண்டிய நாள்" என்று சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். சந்தேகம் கேட்டால் மட்டும் உட்கார்ந்து பேசுங்கள். முதல் வாக்கியத்தில் 'புற்றுநோய்த் தடுப்பூசி' என்ற சொல் இருக்கட்டும். கிருமி எப்படிப் பரவுகிறது என்பது பிறகு வரட்டும்.

ருவாண்டா 2011-இல் பள்ளிகளில் போடத் தொடங்கியபோது, அன்று வராத சிறுமிகளையும் பள்ளிக்கு வெளியே இருந்தவர்களையும் ஊர் சுகாதார ஊழியர்கள் தேடிப் போனார்கள். முதல் வருடமே 90 சதவீதத்தைத் தாண்டினார்கள். உங்கள் பதிவேட்டில் வராதவர்களின் பட்டியல் இருக்கும் இல்லையா? அங்கிருந்து தொடங்குங்கள்.

கடிதத்தில் உங்கள் வயதை எழுதியிருக்கிறீர்கள், கடைசியாக எப்போது பரிசோதனை செய்துகொண்டீர்கள் என்று எழுதவில்லையே. அடுத்த கடிதத்தில் அந்தத் தேதியும் வரட்டும்.