பேட்டர்ன் மேல் தப்பில்லை, துணியைப் பாருங்கள்

கேள்வி: வெளிநாட்டு கம்பெனி பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான தாள் மாதிரி) ஒன்றை ஆன்லைனில் வாங்கி, வீட்டு மெஷினில் முதல் தடவையாக நிட் துணியில், அதாவது பனியன் மாதிரி இழுபடும் துணியில், டாப் தைத்தேன். என் மார்புச் சுற்றளவு 36 அங்குலம். கவரில் போட்டிருந்தபடி 14-ஆம் சைஸில் வெட்டினேன். டாப் மார்பில் இறுக்கிப் பிடிக்கிறது. தலை வழியாகப் போடும்போதே கழுத்துத் தையல் பட் பட்டென்று அறுந்துவிட்டது. பேட்டர்னுக்கே நிறையச் செலவு செய்திருக்கிறேன். கோளாறு அதில்தானா? ஓரத்தை நறுக்கி நூல் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் மெஷின் வாங்கினால் சரியாகுமா?

பதில்: சைஸை நீங்கள் சரியாகத்தான் எடுத்திருக்கிறீர்கள். சிம்ப்ளிசிட்டி, மெக்கால்ஸ், பட்டரிக் போன்ற அமெரிக்க பேட்டர்ன்களில் 14 என்பது 36 அங்குல மார்புக்கு உரியது. ரெடிமேட் கடையில் நாம் எந்த சைஸ் போடுகிறோம் என்பதை இங்கே கணக்கில் எடுக்கவே கூடாது. இஞ்ச் டேப் சொல்வதுதான் கணக்கு. எனக்குச் சந்தேகமெல்லாம் துணி மேல்தான்.

மிச்சத் துணி இருக்குமல்லவா? அதை எடுத்து, வெட்டிய ஓரத்திலிருந்து நாலைந்து விரற்கடை தள்ளி, அகலவாக்கில் இழுபடும்படி மடியுங்கள். அந்த மடிப்பில் 4 அங்குலத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, ஸ்கேலை ஒட்டி இழுங்கள். முரட்டுத்தனமாக இழுக்க வேண்டாம். மடிப்பு சுருண்டுகொள்ளும் நிலை வந்தால் நிறுத்திவிடுங்கள். 4 அங்குலம் 5 ஆனால் 25 சதவீத இழுவை, 6 ஆனால் 50 சதவீதம். இப்போது பேட்டர்ன் கவரைத் திருப்பிப் பாருங்கள். நிட் துணிக்கான பேட்டர்ன் என்றால் ‘இங்கிருந்து இதுவரை இழுபட வேண்டும்’ என்று ஒரு அளவுகோல் அச்சடித்திருப்பார்கள். உங்கள் துணி அந்தக் கோடு வரை வருகிறதா? நாலரையிலேயே நின்றுவிட்டால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும்.

காரணம் இதுதான். ரவிக்கைக்கோ சுடிதாருக்கோ உடம்பு அளவை விடக் கொஞ்சம் கூட்டித்தான் வெட்டுவோம். உடம்பை ஒட்டி நிற்கும் நிட் டாப்பில் கணக்கு தலைகீழ்: 36 அங்குல மார்புக்கு டாப் 34 அங்குலமாகக்கூட இருக்கலாம். மீதி 2 அங்குலத்தைத் துணிதான் இழுபட்டுக் கொடுக்க வேண்டும். பேட்டர்ன் போட்டவர் அதை நம்பித்தான் வரைந்திருக்கிறார். உங்கள் பேட்டர்னின் முன்பக்கத் தாளில் மார்புப் பகுதியில் ஒரு வட்டமும் அதற்குள் கூட்டல் குறியும் இருக்கிறதா என்று தேடுங்கள். பெரிய கம்பெனிகள் அதன் பக்கத்தில் ஒவ்வொரு சைஸுக்கும் தைத்து முடித்த அளவைப் போடுவதுண்டு. அந்த எண் உங்கள் உடம்பு அளவை விடக் குறைவாக இருந்தால், இழுவை குறைந்த துணியை அந்தப் பேட்டர்னுக்கு வாங்கவே வாங்காதீர்கள்.

இழுபட்டால் மட்டும் போதாது, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். லைக்ரா கலந்த துணி சட்டென்று திரும்பும். வெறும் காட்டன் சிங்கிள் ஜெர்சி (சாதாரண டி-ஷர்ட் துணி) மெதுவாகத் திரும்பும். நாளடைவில் முழங்கையிலும் கழுத்திலும் தொளதொளத்துப் போகும். முதல் டாப்புக்கு நான் இன்டர்லாக் துணியை, அதாவது இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் நிட் துணியை, சொல்வேன். ஜெர்சி மாதிரி ஓரம் சுருண்டு தொல்லை கொடுக்காது, மேஜையில் அடங்கிக் கிடக்கும். ஆனால் எல்லா இன்டர்லாக்கும் ஒரே அளவு இழுபடாது. கடையிலேயே ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

கழுத்துத் தையல் அறுந்தது வேறு விஷயம். நேர்த்தையல் போட்டிருப்பீர்கள். துணி இழுபடும், நூல் இழுபடாது, அதனால் அறுகிறது. இதற்காக ஓவர்லாக் வாங்க வேண்டாம். மாதம் நாலு டாப் தைக்கப் போகிறீர்கள் என்றால் யோசிக்கலாம். இப்போதைக்கு உங்கள் மெஷினில் ஜிக்ஜாக் (வளைந்து வளைந்து போகும் தையல்) இருந்தால் அதுவே போதும். அகலத்தை 1-க்குக் குறைவாக, நீளத்தை 2.5-இல் வைத்தால் பார்வைக்கு நேர்த்தையல் மாதிரியே இருக்கும், இழுத்தால் கொடுக்கும். கூடவே முனை உருண்ட பால் பாயிண்ட் ஊசி, 11-ஆம் நம்பர். கூர் ஊசி இழைகளைக் குத்தி அறுக்கும்; துவைத்த பிறகு தையலோரத்தில் சின்னச் சின்ன ஓட்டை விழும். மெஷினை விட்டுவிட்டு முதலில் இந்த ஊசிக்குச் செலவு செய்யுங்கள். கீழ் ஓரத்துக்கு இரட்டை ஊசி போட்டால் கம்பெனி டி-ஷர்ட்டின் ஃபிளாட்லாக் தையல் சாயலில் வரும். ஜிக்ஜாக்கே இல்லாத பழைய கறுப்பு மெஷின் என்றால், பக்கத் தையலையும் தோளையும் ஓவர்லாக் அடிக்கும் கடையில் கொடுங்கள். ஓரம் அடிக்கும் 3 நூல் மெஷினை விட 4 நூல் மெஷின் இருக்கிற கடை நல்லது.

தைத்த டாப்பைத் தூக்கிப் போடாதீர்கள். பக்கத் தையலைப் பிரித்து, அக்குள் முதல் கீழ் வரை இரு பக்கமும் ஒரு பட்டை கொடுக்கலாம். கழுத்தை அரை அங்குலம் இறக்கி வெட்டி, கோடு கோடாக நன்றாக இழுபடும் ரிப் துணியில் பட்டி வையுங்கள். பட்டியின் நீளம் கழுத்துச் சுற்றில் 85 சதவீதம் இருந்தால் படிந்து உட்காரும்.

பேட்டர்ன் காசு வீணில்லை. தாளை வெட்டாமல், பட்டர் பேப்பரில் உங்கள் சைஸை மட்டும் வரைந்து எடுத்தால் அந்த மூலத் தாள் அடுத்த சைஸுக்கும் உதவும்.

கேள்வி: திருப்பூரில் பனியன் துணி கிலோ கணக்கில் கொடுக்கிறார்கள். ஒரு டாப்புக்கு எவ்வளவு வாங்குவது?

பதில்: ஜிஎஸ்எம் என்ன, டயா என்ன என்று கேளுங்கள். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டரின் எடை, கிராமில். குழாய் மாதிரி வரும் துணியை வெட்டாமல் தட்டையாகப் போட்டால் இருக்கும் அகலம் டயா, அங்குலத்தில். 36 டயா துணியைப் பக்கவாட்டில் வெட்டித் திறந்தால் 72 அங்குல அகலம். 180 ஜிஎஸ்எம் என்றால் அதில் ஒரு மீட்டர் சுமார் 330 கிராம். கிலோவுக்கு 3 மீட்டர் கிடைக்கும், அரைக்கை டாப் இரண்டு தாராளமாக வரும். அதே அகலத்தில் 240 ஜிஎஸ்எம் எடுத்தால் கிலோவுக்கு இரண்டேகால் மீட்டர்தான். கிலோ விலை மலிவு என்று கனத்த துணியை எடுத்தால் மீட்டர் குறைந்துவிடும்.

ரோல் கடைசித் துண்டுகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிக் கோடு, சின்ன ஓட்டை, எண்ணெய்க் கறை எல்லாம் அப்போதுதான் தெரியும். வெட்டுவதற்கு முன் ஒரு தடவை துவைத்துக் காயப்போடுவது கட்டாயம். காட்டன் நிட் நீளவாக்கில் நன்றாகவே சுருங்கும். சிங்கிள் ஜெர்சியில் முறுக்கும் உண்டு. தைத்த பிறகு துவைத்தால் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பிக்கொள்ளும்.

கேள்வி: ‘நாலு பக்கமும் இழுபடும்’ என்று போட்டு ஆன்லைனில் விற்ற துணி, அகலவாக்கில் மட்டும்தான் இழுபடுகிறது. வெட்டிக் கொடுத்த துணியைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.

பதில்: பிடிக்கவில்லை என்று திருப்பினால் அவர்கள் மறுக்கலாம். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை என்றால் அப்படி மறுக்க முடியாது. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020 இதைத் தெளிவாகச் சொல்கின்றன. துணியை வெட்டாமல், துவைக்காமல் வையுங்கள். விற்பனைப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு வாசகத்தை மாற்றிவிடலாம். ஸ்கேலோடு நீளவாக்கில் இழுத்துக் காட்டும் ஒரு வீடியோவும் எடுங்கள். இவற்றை பில்லோடு சேர்த்து, அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். பதில் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம்.