உள்ளூர்ச் செய்திக்குச் செயற்கை நுண்ணறிவு: எதுவரை நம்பலாம்?

கேள்வி: கிருஷ்ணகிரியில் சிறிய வார இதழ் நடத்துகிறேன். எழுத இரண்டே பேர். காவல்துறை, ஆட்சியர் அலுவலகச் செய்திக்குறிப்புகளைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்துச் செய்தியாக்கலாமா?

பதில்: சுருக்கச் சொல்லுங்கள், விரித்து எழுதச் சொல்லாதீர்கள். இந்தச் செயலிகள் அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்து எழுதுபவை. நான்கு வரிக் குறிப்பை நாற்பது வரியாக்கச் சொன்னால், இல்லாததை ஊகித்து நிரப்பும். தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே உள்ள கே.ஆர்.பி. அணை திறப்புக் குறிப்பில் கன அடிக் கணக்கு விட்டுப்போயிருந்தால், நம்பும்படியான ஓர் எண்ணை அதுவே போட்டுவிடக்கூடும். தென்பெண்ணைக் கரையில் இருப்பவர் அதைப் பார்த்துத்தான் மாட்டை அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்குப் போவதா என்று முடிவெடுப்பார். 2024 டிசம்பரில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. அத்தகைய நாளில் நீர்வளத்துறைப் பொறியாளரைக் கேட்காமல் ஓர் எண்ணையும் அச்சேற்றாதீர்கள். அமெரிக்காவின் சிநெட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம்கூட, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதிய 77 கட்டுரைகளில் 41-க்கு 2023-இல் திருத்தம் வெளியிட்டது. அங்கே சரிபார்க்க ஆசிரியர் குழுவும் இருந்தது.

எனக்குப் பெரிய கவலை, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்ட வழக்குச் செய்திகள். சட்டத்தின் 23-ஆம் பிரிவு குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடத் தடை விதிக்கிறது. மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். செயலியிடம் பெயரை நீக்கச் சொன்னால் பெயர் போய்விடும். 'ஒன்பதாம் வகுப்பு படிக்கும், சூளைத் தொழிலாளியின் மகள்' என்ற வரி தங்கிவிடலாம். அஞ்செட்டி மலைப்பக்கம் முப்பது வீடுள்ள ஊரில் அந்த ஒரு வரி போதும், குழந்தை யாரென்று தெரிந்துவிடும். எந்த விவரம் யாரைக் காட்டிக்கொடுக்கும் என்பது அந்த ஊரோடு பழகிய உங்கள் நிருபருக்குத்தான் தெரியும். சாதி மோதல் செய்திகளையும் அவரே எழுதட்டும். முதல் தகவல் அறிக்கையைச் செயலியில் ஏற்றவே வேண்டாம். அது வெளி நிறுவனத்தின் கணினிக்குப் போய்ச் சேரும்.

மாங்காய்க் கொள்முதல் விலையை அட்டவணையாக்கவும் எழுத்துப்பிழை பார்க்கவும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். விவசாயிகள் குறைதீர் கூட்ட ஒலிப்பதிவை எழுத்தாக்கினால் பாதி நாள் மிச்சம். ஆனால் தளி, ஓசூர்ப் பக்கத்து விவசாயி தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் இடங்களில், பதிவை நீங்களே திரும்பக் கேட்டபிறகு மேற்கோள் போடுங்கள். அச்சுக்குப் போகுமுன் மூலக் குறிப்பையும் செய்தியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். குறிப்பில் இல்லாத வரி எதுவானாலும், தொலைபேசியில் உறுதிசெய்ய முடியாவிட்டால் அடித்துவிடுங்கள்.