ஊர் வரலாற்றைத் தொகுப்போர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தாங்கள் வாழும் இடத்தின் வரலாற்றைப் பொதுமக்களே கூடித் திரட்டி, காத்து, பிறருடன் பகிர்ந்துகொள்ளும் முயற்சிகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், இத்தகைய பணியில் இறங்கும் எந்தக் குழுவுக்கும் பயன்படக்கூடியவை இங்கே எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

கேள்வி: எங்கள் பகுதியின் வரலாற்றைத் தொகுக்க விரும்பும் சிலர் ஒன்றுசேர்ந்திருக்கிறோம். எங்களில் வரலாற்றை முறையாகப் படித்தவர் எவருமில்லை, பணமும் அதிகமில்லை. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் முதியவர்களைத் தேடிச் செல்லுங்கள், பொருள்களைப் பிறகு திரட்டலாம். பெட்டிக்குள் கிடக்கும் புகைப்படம் இன்னும் ஓராண்டு காத்திருக்கும். அந்தப் படத்தின் இரண்டாம் வரிசையில் நிற்பவர் யார், பின்னால் தெரியும் கட்டடம் எது, எதற்காக அத்தனை பேரும் அன்று கூடினார்கள் என்பதையெல்லாம் அறிந்தவர் காத்திருப்பார் என்று எவராலும் உறுதி கூற முடியாது. பெயரும் இடமும் காலமும் குறிக்கப்படாத படத்தை எவ்வளவு துல்லியமாக மின்னாக்கம் செய்து வைத்தாலும், அடுத்த தலைமுறை அதிலிருந்து அறிந்துகொள்வது மிகவும் குறைவாகவே இருக்கும்.

வரலாறு படிக்கவில்லை என்பதைக் குறையாகக் கருத வேண்டாம். ஸ்வீடன் நாட்டு எழுத்தாளர் ஸ்வென் லிண்ட்க்விஸ்ட், தொழிலாளர்கள் தங்கள் தொழிலின் வரலாற்றைத் தாங்களே ஆராய்வது எப்படி என்பதைச் சிமெண்ட் தொழிலை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கிய நூலை 1978இல் வெளியிட்டார். ஆலைகளின் வரலாறு பெரும்பாலும் உரிமையாளர்களின் பார்வையிலேயே எழுதப்பட்டு வந்திருக்கிறது என்பதும், அந்த வேலையை நாள்தோறும் செய்பவருக்குத் தெரிந்தது வெளியிலிருந்து வரும் வல்லுநருக்குத் தெரியாது என்பதும் அவருடைய வாதம். அந்நூலுக்குப் பிறகு ஸ்வீடனில், தங்கள் தொழிலையும் ஊரையும் தாங்களே கூடி ஆராயும் பல ஆய்வு வட்டங்கள் உருவாயின.

ஆனால் எல்லையைச் சுருக்கிக்கொள்ளுங்கள். 'ஊரின் முழு வரலாறு' என்று தொடங்குபவை பெரும்பாலும் தலைவர்களின் பெயர்ப் பட்டியலாகவே முடிகின்றன. ஒரு தெரு, ஒரு பள்ளி, ஒரு தொழில், ஒரு வெள்ளம் என ஏதேனும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால், அதை நேரில் அறிந்தவர்களை அடையாளம் காண்பதும் எளிது. பணி முடியும் காலமும் கண்ணுக்குத் தெரியும். சிறிய தாள்களையும் தள்ளிவிடாதீர்கள். 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் என்னும் ஈழத்துத் தமிழ் மின்னூலகத்தில், நூல்களோடும் இதழ்களோடும் இறந்தவர்களுக்காக வெளியிடப்படும் நினைவு மலர்களும் பள்ளி மலர்களும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஒரு குடும்பத்தின் இடப்பெயர்வுகளையும் தொழில்களையும் உறவுகளையும் பற்றி அத்தகைய மலரில் கிடைக்கும் செய்தி, அச்சில் வேறெங்கும் கிடைக்காததாக இருக்கக்கூடும்.

கேள்வி: பெரியவர்கள் சொல்லும் ஆண்டுகள் ஆவணங்களோடு பொருந்தவில்லை. ஒரே நிகழ்ச்சியை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். தவறானவற்றை நீக்கிவிட்டு வெளியிடலாமா?

பதில்: நீக்க வேண்டாம். இத்தாலியில் உள்ள டெர்னி என்னும் உருக்காலை நகரத்தில், லூயிஜி டிராஸ்டுல்லி என்ற 21 வயதுத் தொழிலாளி, நேட்டோ என்னும் இராணுவக் கூட்டணி ஒப்பந்தத்தை எதிர்த்து ஆலையிலிருந்து வெளியேறிய தொழிலாளர்களுக்கும் காவல்துறைக்கும் நேர்ந்த மோதலில் 1949 மார்ச் 17 அன்று உயிரிழந்தார். பல ஆண்டுகளுக்குப் பிறகு வாய்மொழி வரலாற்றாய்வாளர் அலெஸ்ஸாந்திரோ போர்ட்டெல்லி அந்நகர மக்களிடம் பேசியபோது, அவர்களுள் பலர் அந்த மரணம் 1953இல், பெருந்திரளான ஆட்குறைப்பை எதிர்த்து நடந்த தெருப் போராட்டங்களின்போது நிகழ்ந்ததாகக் கூறினர். ஆவணங்களின்படி அது பிழைதான். ஆயினும் இத்தனை பேர் ஒரே திசையில் பிழைபட்டது ஏன் என்று போர்ட்டெல்லி கேட்டார். தங்களுள் ஒருவர் கொல்லப்பட்டும் உடனே எதுவும் செய்ய இயலாமற்போன அவமானத்தை அந்தச் சமூகத்தால் தாங்க முடியவில்லை என்றும், அதனால் அந்த மரணத்தைத் தாங்கள் எதிர்த்து நின்ற மிகப் பெரிய போராட்டத்தோடு நினைவு இணைத்துக்கொண்டது என்றும் அவர் விளக்கினார். அந்தப் பிழைகளைத் திருத்தி வெளியிட்டிருந்தால், அந்நகரத்தைப் பற்றிய மிக ஆழமான செய்தி காணாமற்போயிருக்கும்.

ஆகவே ஒலிப்பதிவிலும் அதன் எழுத்துப்படியிலும் சொன்னவரின் சொற்களை அப்படியே விட்டுவிடுங்கள். ஆவணம் தரும் ஆண்டைத் தனிக் குறிப்பாகச் சேர்த்து, அந்த ஆவணம் எது என்பதையும் எழுதுங்கள். ஆவணமும் பிழையற்றதன்று, பிறப்பும் நில உரிமையும் நிகழ்ந்து நெடுநாள் கழித்துப் பதிவு செய்யப்படுவது எங்கும் உள்ளதுதான். நேர்காணலின்போது, "அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்ற ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். சொல்பவர் தாமே கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் பிரித்தறிய அது போதும். அவரைச் சந்தேகிக்கிறோம் என்ற எண்ணமும் அவருக்கு எழாது.

கேள்வி: எங்கள் குழுவினர் அனைவரும் ஒரே பிரிவைச் சேர்ந்தவர்கள். மற்றவர்கள் எங்களிடம் அன்பாகப் பேசுகிறார்கள். ஆனால் எதையும் மனம் திறந்து சொல்வதில்லை. இது எங்கள் தயக்கமா, அவர்களுடைய தயக்கமா?

பதில்: கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தே பதில் அமைகிறது. அமெரிக்காவில் 1936 முதல் 1938 வரை, அரசின் எழுத்தாளர் திட்டத்தின் கீழ், அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் 2,300க்கும் மேற்பட்ட வாழ்க்கைக் கூற்றுகள் திரட்டப்பட்டன. கேட்டவர்களுள் பெரும்பாலோர் வெள்ளையர்கள். சார்ல்ஸ்டன் நகரில் வாழ்ந்த சூசன் ஹாம்லின் என்ற மூதாட்டியை வெள்ளையினப் பெண் ஒருவரும் கறுப்பின ஆண் ஒருவரும் தனித்தனியே சந்தித்தனர். முன்னவரிடம் தம் எசமானரை நல்லவர் என்று சொன்ன அந்த மூதாட்டி, பின்னவரிடம் சவுக்கடிகளையும் குடும்பங்கள் பிரிக்கப்பட்டு விற்கப்பட்டதையும் பற்றிப் பேசினார். இரண்டு பதிவுகளும் இருப்பதால்தான் இன்று நாம் இதை அறிகிறோம். முதற்பதிவு மட்டும் எஞ்சியிருந்தால் அதுவே வரலாறாக நின்றிருக்கும்.

எனவே மற்றவர்களைப் பேட்டி காண்பதோடு நிற்காமல், எதைத் தொகுப்பது, எவற்றை வெளியிடுவது என்று முடிவெடுக்கும் இடத்திலேயே அவர்களை அமர்த்துங்கள். அதற்கு அவர்கள் மறுத்தால், உங்கள் தொகுப்பு யாருடைய பார்வையில் அமைந்தது என்பதை முன்னுரையில் தெளிவாக எழுதுங்கள். ஒவ்வொரு பதிவிலும் கேட்டவரின் பெயரும் இடம்பெற வேண்டும்.

கேள்வி: நேர்காணல் கொடுத்த ஒருவர், அதை யாருக்கும் போட்டுக்காட்ட வேண்டாம் என்று இப்போது சொல்கிறார். இன்னொரு குடும்பத்தினர் படங்களைத் தந்தார்கள். இணையத்தில் வருவதற்கு அஞ்சுகிறார்கள். உழைத்துத் திரட்டியதை விட்டுவிடுவதா?

பதில்: உழைப்பு உங்களுடையது, வாழ்க்கை அவர்களுடையது. திரும்பப் பெறும் உரிமையை முதலிலேயே எழுத்தில் தந்துவிடுங்கள். ஒப்புதல் படிவத்தில் 'ஆம், இல்லை' என்று மட்டும் கேட்காமல், குழுவுக்குள் மட்டும், நேரில் வந்து கேட்பவர்களுக்கு மட்டும், பெயரை மறைத்து, குறிப்பிட்ட ஆண்டுக்குப் பிறகு, எல்லாருக்கும் எனப் பல நிலைகளை வையுங்கள். இணையத்துக்கு அஞ்சுபவர்களுள் பலர், பார்வையாளர் நேரில் வந்து பார்ப்பதற்கு மகிழ்ச்சியோடு இசைவார்கள். ஆஸ்திரேலியாவின் டெனன்ட் கிரீக் பகுதியில் வாழும் வாருமுங்கு மக்களுடன் இணைந்து உருவாக்கப்பட்ட முகுர்ட்டு என்னும் ஆவண மென்பொருள் இந்த அடிப்படையிலேயே அமைந்தது. எந்தப் படத்தை யார் பார்க்கலாம் என்பதை அச்சமூகத்தின் நெறிகளே அதில் முடிவுசெய்கின்றன.

காப்பாற்ற முடியாத வாக்குறுதியை மட்டும் கொடுக்காதீர்கள். அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி சார்பில், வட அயர்லாந்தின் ஆயுதக் குழுக்களில் இருந்தவர்களின் கூற்றுகள் 2001 முதல் ஒலிப்பதிவு செய்யப்பட்டன. அவர்கள் உயிரோடு இருக்கும்வரை வெளியிடப்படமாட்டா என்ற உறுதியோடுதான் அவை பெறப்பட்டன. 2011இல் குற்றப் புலனாய்வுக்காக அவற்றைக் கோரும் நீதிமன்ற ஆணை வந்தது. பின்னர் சில பதிவுகள் ஒப்படைக்கப்பட்டன. உங்கள் குழு அத்தகைய ஆபத்தான செய்திகளைத் தொடாமல் இருக்கலாம். எனினும் நிலத் தகராறோ குடும்பச் சண்டையோ பேச்சில் வந்துவிட்டால், நீதிமன்றம் கேட்டால் எங்களால் மறுக்க முடியாது என்பதைச் சொல்லிவிட்டு, ஒலிப்பதிவை நிறுத்தலாமா என்று கேட்பதே நேர்மையானது. பேசியவர் இறந்தபின் பிள்ளைகள் மறுத்தால், படிவத்தில் அவர் குறித்த விருப்பமே முதன்மை பெற வேண்டும் என்பது என் கருத்து. அத்தகைய குறிப்பு இல்லையெனில், சில காலத்துக்கு மூடி வைத்துவிட்டு மீண்டும் பேசிப் பாருங்கள்.

கேள்வி: பழைய படங்களை எப்படி ஸ்கேன் செய்வது? பேச்சைக் கைப்பேசியிலேயே பதிவு செய்யலாமா?

பதில்: அச்சிட்ட படங்களுக்கு 600 டிபிஐ அளவு (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) பொதுவாகப் போதும்; மிகச் சிறிய படங்களுக்கு அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். மூலக் கோப்பை நுணுக்கங்கள் இழக்காத டிஃப் (TIFF) வடிவில் வைத்து, பகிர்வதற்கு மட்டும் அளவில் சிறிய ஜேபெக் (JPEG) நகலைப் பயன்படுத்துங்கள். பின்பக்கத்தில் எழுத்தோ ஸ்டூடியோ முத்திரையோ இருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். ஆல்பத்தில் ஒட்டப்பட்ட படங்களைப் பிய்க்காமல் பக்கத்தையே முழுதாகப் படமெடுங்கள். சாதாரணப் படமாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கோப்பு சுருக்கப்பட்டு நுணுக்கங்கள் இழக்கப்படும். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யலாம். ஆனால் சட்டையில் மாட்டும் மைக் ஒன்று இருந்தால் தரம் பெரிதும் உயரும். முடிந்தால் ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) வடிவில் பதியுங்கள். பதிவின் தொடக்கத்தில் நாள், இடம், பேசுபவர், கேட்பவர் ஆகியவற்றை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் எத்தனை முறை மாறினாலும் அந்தச் செய்தி ஒலியோடு தங்கிவிடும்.

கேள்வி: எல்லாவற்றையும் இணையதளத்தில் ஏற்றிவிட்டால் அவை நிலைத்துவிடும் அல்லவா?

பதில்: இல்லை. இங்கிலாந்தில் நிலங்களையும் உடைமைகளையும் கணக்கெடுத்து 1086இல் எழுதப்பட்ட டூம்ஸ்டே பதிவேட்டின் 900ஆம் ஆண்டை ஒட்டி, 1986இல் பிபிசி ஒரு பெருந்திட்டத்தை நடத்தியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள், அவர்களுள் பெரும்பாலோர் பள்ளி மாணவர்கள், தங்கள் ஊர்களைப் பற்றி எழுதியும் படமெடுத்தும் அனுப்பினார்கள். அவையெல்லாம் அந்நாளின் மிகப் புதிய தொழில்நுட்பமான லேசர் வட்டுகளில் பதியப்பட்டன. இருபது ஆண்டுகள் நிறைவதற்குள்ளேயே அவ்வட்டுகளைப் படிக்கும் கருவிகள் அரிதாகிவிட்டன. உள்ளடக்கத்தை மீட்பதற்கு ஆய்வாளர்கள் பெரிதும் உழைக்க வேண்டியிருந்தது. 1086ஆம் ஆண்டின் தோல் ஏடுகளை இன்றும் படிக்க முடிகிறது.

இணையதளம் என்பது காட்சிக்கூடம் மட்டுமே. ஆண்டுக் கட்டணத்தைக் கட்ட ஒருவர் மறந்தால் அது மறைந்துவிடும். ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று படிகள், அவை இரண்டு வேறுபட்ட சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறோர் ஊரில் என்பது காப்பகத்தார் நெடுநாளாகப் பரிந்துரைக்கும் வழி. ஆண்டுக்கு ஒருமுறை சில கோப்புகளையேனும் திறந்து பார்க்க வேண்டும். தொகுப்பின் பட்டியலையும் எழுத்துப்படிகளையும் நல்ல தாளில் அச்சிட்டு வையுங்கள். கடவுச்சொற்கள் ஒரே ஒருவரிடம் இருக்கக் கூடாது. பல முயற்சிகள் ஆர்வம் குறைந்ததால் முடிவதில்லை. கணக்கை வைத்திருந்தவர் வேலை மாறிப் போனதால் முடிகின்றன. இயன்றவரை விரைவில் ஒரு பொது நூலகத்தோடோ பல்கலைக்கழகக் காப்பகத்தோடோ ஒப்பந்தம் செய்துகொண்டு ஒரு முழுப் படியை அங்கே சேர்த்துவிடுங்கள். ஒப்புதல் படிவங்களில் உள்ள கட்டுப்பாடுகள் அந்நிறுவனத்தையும் கட்டுப்படுத்தும் என்ற விதி அந்த ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: தொகுத்தவற்றை மக்களிடம் கொண்டுசேர்ப்பதற்குக் கண்காட்சி போதுமா?

பதில்: பார்த்துவிட்டுப் போகும் கண்காட்சியாக மட்டும் அமைக்காதீர்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பகுதி 1966இல் வெள்ளையருக்கு மட்டும் உரியதாக அறிவிக்கப்பட்டு, பின்வந்த ஆண்டுகளில் 60,000க்கும் மேற்பட்டோர் அங்கிருந்து வெளியேற்றப்பட்டனர். 1994இல் பழைய தேவாலயம் ஒன்றில் திறக்கப்பட்ட டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகத்தின் தரையில், இடிக்கப்பட்ட தெருக்களின் பெரிய வரைபடம் விரிக்கப்பட்டது. வந்தவர்கள் தங்கள் வீடு இருந்த இடத்தைத் தேடி அதன்மேல் பெயர் எழுதினார்கள், நீண்ட துணியில் நினைவுகளைப் பதிந்தார்கள்.

உங்கள் கூடத்திலும் வரைபடத்துக்கும் ஒவ்வொரு படத்துக்கும் அருகே வெற்றுத் தாளும் பென்சிலும் வையுங்கள். குழுவினர் ஒருவர் எப்போதும் அருகில் இருந்து, எழுத இயலாதவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளட்டும். திறப்பு நாளுக்கு முன்னதாகவே, படம் தந்த குடும்பங்களுக்கும் நேர்காணல் தந்தவர்களுக்கும் அவரவர் பதிவின் ஒரு படியைக் கொண்டுபோய்க் கொடுத்து, விவரங்கள் சரிதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.