செவப்பு மரத்தரைக்கு எந்த கலர் கிச்சன் கேபினட்? கேள்வி பதில்

நியூ ஜெர்சி பக்கம் பழைய கேபினட்டுக்கு பெயிண்ட் அடிக்கிறது, கதவு மட்டும் மாத்தி குடுக்கறது, இதான் என் வேலை. நம்ம ஆளுங்க இங்க வாங்குற வீட்ல செவப்பா ஒரு மரத்தரை அடிக்கடி வந்து மாட்டுது, தரைய மாத்த காசு இல்ல, கேபினட்டயாச்சும் மாத்தலாம்னு எறங்கி கலர்ல முட்டிக்கிட்டு நிக்கிறாங்க. கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன். பெர்மிட், பிளம்பிங், லோன் இதெல்லாம் எங்கிட்ட கேக்காதீங்க.

எடிசன்வாசி: அக்கா, இப்பதான் வீடு வாங்குனோம், 2004ல கட்டுனது. கீழ் மாடி பூரா பிரேசிலியன் செர்ரி தரை, கேபினட்டும் செர்ரி. எங்க பாத்தாலும் ஒரே செவப்பு, ஒரே இருட்டு. க்ரே அடிச்சா மாடர்னா இருக்கும்னு வீட்டுக்காரர் சொல்றாரு, அடிக்கலாமா?

பதில்: மொதல்ல அந்த தரையோட செவப்பு உங்களுக்கு பிடிச்சிருக்கா இல்லையான்னு ரெண்டு பேரும் உக்காந்து முடிவு பண்ணுங்க. பிடிச்சிருந்தா ஒரு வழி, பிடிக்கலன்னா வேற வழி. நெட்ல பாத்தா ரெண்டையும் ஒண்ணா போட்டு கொழப்பி "செவப்புக்கு பச்சை மேட்ச்"னு எழுதிட்டு போயிடறாங்க. செவப்புக்கு நேர் எதிர் கலர் பச்சை, ஆரஞ்சுக்கு நேர் எதிர் நீலம், அதெல்லாம் சரிதான். ஆனா எதிர் கலர் பக்கத்துல வந்தா தரை அடங்காது, இன்னும் ஏறித்தான் தெரியும். அரக்கு பட்டுக்கு பச்சை பார்டர் வச்சா அரக்கு எப்படி தூக்கிட்டு நிக்குது, அதே கதை. பாரிஸ்ல கோப்லான் நெசவு ஆலையில சாயப் பிரிவ பாத்துக்கிட்ட ஷெவ்ரல்ங்கற கெமிஸ்ட் 1839லயே இத எழுதி வச்சிட்டாரு. கருப்பு நூல் சாயம் மங்கலா இருக்குன்னு புகார் வந்துதாம், இவரு போய் பாத்தா சாயத்துல ஒரு குறையும் இல்ல, பக்கத்துல ஓடுற நூலோட கலர் பண்ற வேலை.

க்ரே விஷயமும் இதுலயே அடங்கிடுச்சு. கலரே இல்லாத க்ரேய செவப்புக்கு பக்கத்துல வச்சா உங்க கண்ணே அதுல கொஞ்சம் பச்சையோ நீலமோ ஏத்திக்கும், தரை இன்னும் செவப்பாகும், சாயங்கால வெளிச்சத்துல பிங்க் அடிக்கும். கடையில கார்டுல அழகா இருந்துச்சே வீட்டுக்கு வந்து ஏன் ஆஸ்பத்திரி மாதிரி இருக்குன்னு கேப்பீங்க. வேணாம்.

உங்க வீட்டுக்கு, தரை பிடிக்கலன்னா, மஞ்சளோட ஒரு துளி கலந்த வெள்ளை. பெயிண்ட் கம்பெனி பெஞ்சமின் மூர்ல ஒயிட் டவ், ஷெர்வின் வில்லியம்ஸ்ல அலபாஸ்டர். ரெண்டுமே வெளிச்சத்த திருப்பி குடுக்கற அளவு, அதான் எல்ஆர்வி, நூத்துக்கு 80க்கு மேல. தரை பிடிச்சிருந்தா மேல் கேபினட்டுக்கு இந்த வெள்ளை, கீழயோ நடுவுல தனியா நிக்கிற மேடைக்கோ (ஐலண்ட்) சாம்பல் கலந்த பச்சை, சேப்ரூக் சேஜ், எவர்கிரீன் ஃபாக் மாதிரி. எவர்கிரீன் ஃபாக் எல்ஆர்வி 30தான், அதனால இருட்டு கிச்சன்ல நாலு பக்கமும் அதையே அடிக்காதீங்க.

சாம்பிள் பாக்குற முறைய இப்பவே சொல்லிடறேன், திரும்ப திரும்ப சொல்லத்தான் போறேன். ரெண்டடிக்கு ரெண்டடி போர்டு வாங்கி முழுசா ரெண்டு கோட் அடிங்க. அத தரையில நிமிர்த்தி வச்சு காலையில, மத்தியானம், ராத்திரி லைட் போட்டு பாருங்க. பழைய செர்ரி கதவு மேலயே ஒரு கோடு இழுத்து பாக்காதீங்க, சுத்தி இருக்குற செவப்பு ஏமாத்தும்.

டல்லாஸ் தம்பி: எங்க தரை செர்ரி எல்லாம் இல்ல, ஓக்னு சொன்னாங்க, ஆனா செவப்பா ஆரஞ்சா ரெண்டுங்கெட்டானா இருக்கு. இதுக்கும் அதே கலரா?

பதில்: நல்ல கேள்வி தம்பி. செவப்பு மரத்துலயே இருக்கா, மேல பூசுன சாயமான்னு மொதல்ல பாருங்க. தரையில ஏசி காத்து வர்ற இரும்பு ஜன்னல் ஒண்ண தூக்குங்க, பலகையோட வெட்டு முனை தெரியும். மேல மட்டும் செவப்பா, வெட்டுன எடம் வெளிர் பழுப்பா இருந்தா சாயம். அடி வரைக்கும் செவப்புன்னா மரமே அப்படித்தான்.

ரெட் ஓக்குக்கு இயற்கையிலயே லேசா பிங்க் சாயல் உண்டு, அது மேல ஆயில் பாலியூரித்தேன் வார்னிஷ் அடிச்சா வருஷம் போகப் போக தேன் கலர் ஏறி ஆரஞ்சாயிடும். தரை பிடிச்சிருந்தா, ஆரஞ்சுக்கு எதிர் நீலம், அதனால ஹேல் நேவி மாதிரி கரு நீலம் உங்களுக்கு சூப்பரா உக்காரும், செவப்பு அதிகமா இருக்குற பிரேசிலியன் செர்ரிக்கு அவ்வளவு ஒட்டாது. ஹேல் நேவி எல்ஆர்வி 10 கூட இல்ல, பெரிய ஜன்னல் இருந்தா மட்டும் யோசிங்க. போர்ட தரையில நிமிர்த்தி வச்சு பாருங்க.

சான் ஹோசே: லைட் க்ரே ஓகேவா மேடம்?

பதில்: எடிசன்வாசிக்கு சொன்னத படிங்க.

ஸ்கார்பரோ: அக்கா, எங்கட குசினித் தரை செம்மரக் கலர், கபினெற் 90களில போட்ட ஓக். வெள்ளை பெயின்ற் அடிக்க எனக்கு விருப்பம். அவர் சொல்றார், எங்கட கறிச் சமையலுக்கு வெள்ளை ரெண்டு மாசத்தில ஊத்தையாப் போயிடுமெண்டு. உண்மையோ?

பதில்: அடிக்கலாம் தங்கச்சி. ஓக்ல ரெண்டு தொல்லை இருக்கு. ஒண்ணு, ரேகை ஆழமா இருக்கும், பெயிண்ட் மேலயும் தெரியும், வழவழன்னு வேணும்னா ஃபில்லர் பூசி தேய்க்கணும். ரெண்டாவது, மரத்துல இருக்குற டானின்ங்கற சாயச் சத்து வெள்ளை பெயிண்ட்டுல மஞ்சளா கசிஞ்சு வரும், அதுக்கு ஷெல்லாக் ப்ரைமர் கட்டாயம். அதுக்கும் முன்னாடி எண்ணெய்ப் பிசுக்க டீகிரீஸர் போட்டு நல்லா துடைங்க. அடுப்புக்கு மேல இருக்குற கதவுல தாளிப்பு எண்ணெய் கண்ணுக்கு தெரியாம ஒட்டியிருக்கும், அது மேல எவ்வளவு விலை பெயிண்ட் அடிச்சாலும் உரிஞ்சு வரும்.

அட்லாண்டா மாமி: குறுக்க பேசறேன்னு நெனச்சுக்காதேள். வெள்ளை கிச்சன்லாம் சாலட் சாப்பிடறவாளுக்கு. தெனம் வத்தக்குழம்பு கொதிக்கிற ஆத்துல வெள்ளை போடச் சொல்றது அந்தப் பொண்ணுக்கு பண்ற துரோகம். அவ ஆத்துக்காரர் சொல்றதுதான் சரி.

இர்வைன்காரன்: மாமி, எங்க வீட்ல வெள்ளைதான், பல வருஷமா இருக்கு, தெனமும் சாம்பார். துடைச்சா போயிடும். துடைக்க சோம்பேறித்தனம்னா எந்த கலரும் நிக்காது.

அட்லாண்டா மாமி: துடைக்கறது யார், நீங்களா உங்காத்துல அவாளா? அத சொல்லுங்கோ மொதல்ல.

ஆஸ்டின் நைட்டிங்கேல்: மாமி கேட்டாங்க பாருங்க கேள்வி. நான் அழுக்கு தெரியாதுன்னு நேவி ப்ளூ போட்டேன். இடியாப்பம் பிழிஞ்ச கையோட ஒரு கதவ தொட்டா அஞ்சு வெரலும் பதிஞ்சிருது. வெள்ளையே தேவலாம்.

பதில்: இது இப்படியே போனா விடிஞ்சிரும், நான் சொல்லிடறேன். வெள்ளையா கருப்பாங்கறது இங்க பிரச்சனையே இல்ல, உங்க அடுப்புக்கு மேல என்ன இருக்குங்கறதுதான். ஏகப்பட்ட வீட்ல அடுப்புக்கு மேல மைக்ரோவேவ் தொங்கும், அதுல ஒரு ஃபேன் இருக்கும், அது புகைய இழுத்து ஒரு சல்லடையில வடிச்சு உங்க மூஞ்சிலயே திருப்பி ஊதும். வெளிய போக பைப்பே இருக்காது. அந்த வீட்ல எந்த கலர் அடிச்சாலும் பிசுக்கு ஏறும், கரு நீலத்துல ஏறுனது ஒடனே தெரியாது, தூசியோட சேந்து கெட்டியானப்புறம்தான் தெரியும். வெளிய தள்ளுற ஹூட் போடுங்க, அடுப்ப முழுசா மூடுற அகலத்துல. ஃபேன் வேகம் 400 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு 400 கன அடி காத்து) தாண்டுனா உள்ள காத்து வர தனி வழி வேணும்னு நிறைய ஊர்ல கட்டட விதி கேக்கும், அத காண்ட்ராக்டர்கிட்ட பேசிக்கோங்க.

மஞ்சள் கறைக்கு அவ்வளவு பயப்பட வேணாம். மஞ்சத்தூளோட நிறம் வெயில்ல வெளுத்துரும், நம்ம அம்மாங்க கறை பட்ட வேட்டிய மொட்டை மாடியில காய போட்டது சும்மா இல்ல. லேசா பளபளக்குற சாட்டின் இல்லன்னா செமி கிளாஸ் பெயிண்ட் அடிங்க, பளபளப்பே இல்லாத மேட் அடிச்சா கறை உள்ள எறங்கிடும். இன்னொண்ணு, அங்கங்க பாக்குற மஞ்சளேறுன வெள்ளை கிச்சன் எல்லாம் குழம்பால மஞ்சளாச்சுன்னு சொல்ல முடியாது. பழைய ஆயில் பெயிண்ட் (அல்கிட்) வெள்ளை, வெளிச்சம் படாத எடத்துல தன்னால மஞ்சளாகும். கதவ தொறந்து உள்பக்கம் பாருங்க, குழம்பு தெறிக்காத எடமும் மஞ்சளா இருந்தா பெயிண்ட்தான் காரணம்.

அட்லாண்டா மாமி: பைப் போடறதுக்கு வழியில்லாத காண்டோவுல இருக்கறவா?

பதில்: மாமி, அவங்களுக்கு நீங்க சொன்னதே சரி. சுத்த வெள்ளைய விட்டுட்டு காளான் கலர், ஓட்ஸ் கலர் மாதிரி போகலாம், செவப்பு தரைக்கும் அடக்கமா இருக்கும். ஸ்கார்பரோ தங்கச்சி, ஹூட் வெளிய போகுதுன்னா உங்க வெள்ளைய அடிங்க, அவர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. துடைக்கிறது யாருங்கறத நீங்க ரெண்டு பேரும் பேசிக்கோங்க.

இர்வைன்காரன்: நான்தான் துடைக்கிறேன், பதிவு பண்ணிக்கிறேன்.

பதில்: சந்தோஷம். அடுத்த கேள்வி.

மிச்சிகன் குளிர்: பேசாம தரையவே தேய்ச்சு வேற கலர் ஏத்திட்டா என்ன?

பதில்: சாயம் பூசுன ஓக்னா தாராளமா, முக்கால் இஞ்ச் சாலிட் பலகை சில தடவ தேய்ப்ப தாங்கும். எஞ்சினியர்டுன்னா, அதாவது ப்ளைவுட் மேல மர ஏடு ஒட்டுனதுன்னா, மேல இருக்குற நெஜ மர ஏடு எவ்வளவு தடின்னு அதே ஏசி ஜன்னல்ல பாருங்க, ரொம்ப மெலிசா இருந்தா தொடாதீங்க. பிரேசிலியன் செர்ரின்னா காசு வீண். அது செர்ரியே கெடையாது, ஜடோபான்னு தென் அமெரிக்க மரம், மரத்தோட கடினத்த அளக்குற ஜன்கா கணக்குல ரெட் ஓக் 1290னா இது 2350, தேய்க்கிறவரே சலிச்சுக்குவாரு. தேய்ச்ச ஒடனே வெளிர்னு அழகா இருக்கும், வெளிச்சம் பட்டு சில மாசத்துல திரும்ப செவந்துரும். அந்த நேரத்துல கார்ப்பெட் விரிச்சீங்கன்னா அடியில மட்டும் வெளுப்பா கட்டம் விழும்.

ராலே: டார்க் க்ரே?

பதில்: இல்ல.

சியாட்டில் மழை: க்ரேயும் பீஜும் கலந்த க்ரேஜ்னு சொல்றாங்களே, அதுவும் இல்லையா? கோவப்படாதீங்க.

பதில்: கோவமில்ல, இது வேற கேள்வி. க்ரேஜ்ல பீஜ் தூக்கலா இருந்தா ஒட்டும். அக்செசிபிள் பீஜ் (எல்ஆர்வி 58) நல்லா போகும். ஆனா உங்க ஊர் மேகமூட்ட வெளிச்சத்துல, அதுவும் வடக்கு பாத்த ஜன்னல்னா, க்ரே பக்கம் இழுக்கும். போர்டு. தரை. நிமிர்த்தி.

ஃபில்லி தாத்தா: எங்க வீடு 1962ல கட்டுனது, கேபினட் அப்பவே பெயிண்ட் அடிச்சது போல. பேரன் பேத்தி வர்றதுக்குள்ள நானே சாண்ட்பேப்பர் வாங்கி தேய்ச்சிரலாம்னு இருக்கேன். தரை செர்ரி, க்ரீம் கலர் சரியா?

பதில்: ஐயா, க்ரீம் சரி, ஆனா சாண்ட்பேப்பர கீழ வைங்க. அமெரிக்காவுல வீட்டு பெயிண்ட்ல ஈயத்த 1978லதான் தடை பண்ணாங்க. அதுக்கு முந்துன பெயிண்ட்ட தேய்ச்சா தூசியில ஈயம் வரும், தவழுற புள்ளைங்க வாய்க்கு நேரா போகும், மூளை வளர்ச்சிய பாதிக்கும். மொதல்ல பெயிண்ட் துணுக்க லேப்புக்கு அனுப்பி டெஸ்ட் பண்ணுங்க. ஈயம் இருந்தா அதுக்குன்னு இபிஏ (அமெரிக்க சுற்றுச்சூழல் ஏஜென்சி) சர்டிஃபிகேட் வச்சிருக்குற ஆளத்தான் கூப்பிடணும். இத யாரும் விளையாட்டா எடுக்காதீங்க, பழைய வீடு வாங்குன எல்லாருக்கும் சேத்துதான் சொல்றேன்.

தாம்பரம்: நாங்க ஊர்லதான். எங்களுக்கு மரத்தரை இல்ல, தாத்தா காலத்து ரெட் ஆக்சைடு தரை. மாடுலர் கிச்சன் லேமினேட்டுக்கு இதே கணக்கு ஒத்து வருமா?

பதில்: வரும், உங்களுக்கு இன்னும் சுலபம். மரத்தரைல ரேகை ஓடுறதால கேபினட்டும் மரமா இருந்தா ரெண்டு ரேகையும் அடிச்சுக்கும், ரெண்டு மூணு ஷேடு தள்ளி போகணும். ரெட் ஆக்சைடு ஒரே சீரான நிறம், ரேகை இல்ல, அதனால தேக்கு ரேகை லேமினேட்டே அழகா இருக்கும். எலப்பச்சையும் போடலாம். பளபளா ஹை கிளாஸ் வேணாம், பாலிஷ் ஏறுன தரையோட செவப்பு கதவுல பிரதிபலிக்கும்.

ஹூஸ்டன்: தென்கிழக்கு கிச்சன், வாஸ்துப்படி என்ன கலர்?

பதில்: எனக்கு வாஸ்து தெரியாது. வாஸ்து பாக்குறவர் சொல்ற கலர்ல மஞ்சள் சாயல் உள்ள ஷேடு எடுங்க, அது போதும்.

டாம்பா: லைட் மாத்துனா செவப்பு கொறையுமா?

பதில்: கொஞ்சம். மஞ்சள் வெளிச்சம் குடுக்குற 2700கே (கெல்வின்) பல்பு செவப்ப ஏத்தும். 3000கே, 3500கே போடுங்க, சிஆர்ஐ, அதாவது நிறத்த நெஜமா காட்டுற அளவு, 90க்கு மேல. நீலம் அடிக்கிற 5000கே போட்டுட்டு எங்கிட்ட வராதீங்க.

எடிசன்வாசி: திரும்ப நான்தான் அக்கா. வீட்டுக்காரர் க்ரேய விட்டுட்டாரு, ஒயிட் டவ்னு முடிவு. ஹேண்டில் கருப்பா, பித்தளையா?

பதில்: பித்தளை, பளபளப்பு இல்லாம ப்ரஷ் பண்ணது, செவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவுல நல்லா நிக்கும். கருப்பும் தப்பில்ல, கவுண்டர்டாப் கருப்பு கிரானைட்டா இருந்தா. வாங்கறதுக்கு முன்னாடி பழைய ஹேண்டிலோட ரெண்டு ஓட்டைக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு அளந்துக்கோங்க, 3 இஞ்ச் இருக்கும், இல்லன்னா 96 மில்லிமீட்டர், 128 மில்லிமீட்டர்னு இருக்கும். புதுசு அதே அளவுல கெடைச்சா தப்பிச்சீங்க. கெடைக்கலன்னா பழைய ஓட்டைய ப்ரைமருக்கு முன்னாடியே அடைச்சு தேய்ச்சிருங்க. பெயிண்ட் அடிச்சதும் ஒரு மாசத்துக்கு கதவ ஈரத் துணியால அழுத்தி துடைக்க வேணாம், முழுசா இறுக அவ்வளவு நாள் ஆகும்.